பழைய மேனுவல் லென்ஸை மிரர்லெஸ் கேமராவுல மாட்டணுமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

என்கிட்ட அப்போ இருந்தது ஒரு கேனான் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ள மிரர் வெச்ச கேமரா. பழைய லென்ஸ்ல எடுத்த படங்களைப் பாத்து ஆசை வந்து, தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட 2,000 ரூபா குடுத்து கேனான் எஃப்டி 50 எம்எம் எஃப்/1.8 வாங்கினேன். ரெண்டும் கேனான்தானே, மாட்டிக்கும்னு நெனச்சேன். மாட்டல. அடாப்டர் வாங்கினேன், மாட்டுச்சு, ஆனா ரெண்டரை அடிக்கு அந்தாண்ட இருக்குற எதுவும் போகஸ் ஆகல. நடுவுல லென்ஸ் கண்ணாடி வெச்ச அடாப்டர் ஒண்ணு இருக்குன்னாங்க, அதையும் வாங்கினேன், தூரம் போகஸ் ஆச்சு, ஆனா அபர்ச்சரை (வெளிச்சம் உள்ள வர்ற ஓட்டை, எஃப் நம்பர் சின்னதாக ஆக இது பெருசு) முழுசா தெறந்து எடுத்தா படத்து மேல பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. அதுக்கப்புறம் ஃபங்கஸ் புடிச்ச ஹீலியோஸ்ங்கிற சோவியத் லென்ஸ் ஒண்ணு, அதுக்கப்புறம் தப்பான அளவுல ஒரு அடாப்டர். ஒரு வருஷமும் கிட்டத்தட்ட 9,000 ரூபாயும் போச்சு. எல்லாத்துக்கும் காரணம் ஒண்ணுதான், பாக்க வேண்டியதைப் பாக்குறதுக்கு முன்னாடி காசைக் குடுத்துட்டேன். இப்போ செகண்ட் ஹேண்ட் சோனி ஏ6000-ல அதே மாதிரி லென்ஸுங்களை வெச்சு நிம்மதியா படம் எடுக்குறேன். நீங்க இந்த வரிசையில போனீங்கன்னா அந்த 9,000 மிச்சம்.

1. மொதல்ல உங்க கேமரா மவுண்ட்டைப் பாருங்க

மவுண்ட்னா லென்ஸ் கேமராவுல மாட்டுற வாய். ஒவ்வொரு லென்ஸும் சென்சார்லேருந்து, அதாவது அந்தக் காலத்து ஃபிலிம்லேருந்து, இத்தனை மில்லிமீட்டர் தள்ளி உக்காரணும்னு ஒரு கணக்குல செஞ்சது. இதை ஃபிளாஞ்ச் தூரம்னு சொல்லுவாங்க. இந்த ஒரு நம்பர் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

பழைய மவுண்ட்டுங்க: எம்42-ம் பென்டாக்ஸ் கே-யும் 45.46 எம்எம், நிக்கான் எஃப் 46.5, ஒலிம்பஸ் ஓஎம் 46, மினோல்டா எம்டி 43.5, கேனான் எஃப்டி 42.

இப்போதைய மிரர்லெஸ்: சோனி இ 18 எம்எம், நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20, ஃபியூஜி எக்ஸ் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25.

பழைய லென்ஸோட நம்பர் பெருசா, கேமராவோட நம்பர் சின்னதா இருந்தா, நடுவுல இருக்குற இடைவெளிக்கு ஒரு வெறும் உலோகக் குழாய் போதும், அதுதான் அடாப்டர். மிரர்லெஸ்ல நடுவுல மிரர் இல்லாததால இடம் தாராளமா இருக்கு, மேல சொன்ன எல்லா பழைய லென்ஸும் ஏறும்.

டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க. கேனான் இஎஃப் தூரம் 44 எம்எம், எஃப்டி லென்ஸுக்கோ 42 தான், அதாவது லென்ஸ் கேமராவுக்குள்ள 2 எம்எம் போய் உக்காரணும், அது நடக்காது, என் லென்ஸ் ரெண்டரை அடிக்கு மேல போகஸ் ஆகாம போனது இதனாலதான். அதே கேனான் டிஎஸ்எல்ஆர்ல எம்42, நிக்கான் எஃப், ஓஎம் எல்லாம் தாராளமா ஏறும், ஆனா ஃபுல் ஃபிரேம் (ஃபிலிம் அளவு சென்சார்) பாடியா இருந்தா சில எம்42 லென்ஸோட பின்பக்கம் மிரர்ல இடிக்கும், பாத்துக்கோங்க. நிக்கான் டிஎஸ்எல்ஆர்ல எம்42 போட்டா கண்ணாடி இல்லாத அடாப்டர்ல இன்ஃபினிட்டி, அதாவது ரொம்ப தூரத்துல போகஸ், கிடைக்காது, 46.5-க்கும் 45.46-க்கும் நடுவுல இருக்குற அந்த ஒரு மில்லிமீட்டர் செய்யுற வேலை. அதனால டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்குறவங்க இதுக்குன்னு செலவு பண்றதா இருந்தா, பழைய மிரர்லெஸ் பாடி ஒண்ணு வாங்குறதே நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு விஷயம், கிராப், அதாவது சின்ன சென்சார் படத்தோட ஓரத்தை வெட்டுறது. ஏ6000 மாதிரி ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமை விடச் சின்ன சென்சார்) பாடில 58 எம்எம் லென்ஸ் 87 எம்எம் மாதிரி நெருக்கமா காட்டும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல ரெண்டு மடங்கு. வீட்டுக்குள்ள குழந்தைங்களை எடுக்கணும்னு 58 வாங்கினா சுவத்துல முதுகு முட்டுற வரைக்கும் பின்னாடி போகணும்.

2. எந்த லென்ஸ்ல ஆரம்பிக்கலாம்

50 எம்எம்ல ஆரம்பிங்க. அந்தக் காலத்துல ஃபிலிம் கேமராவோட சேத்தே வித்த லென்ஸ் அது, அதனால நெறைய கெடைக்கும், வெலையும் கம்மி. மினோல்டா ரோக்கோர் 50 எஃப்/1.7, ஒலிம்பஸ் சுய்க்கோ 50 எஃப்/1.8, பென்டகான் 50 எஃப்/1.8, நிக்கான் சீரிஸ் இ 50 எஃப்/1.8, இதுல நல்ல நிலைமையில எது கெடைச்சாலும் தப்பில்ல. எஃப்/1.4-க்கும் எஃப்/1.2-க்கும் மொதல் லென்ஸா போகாதீங்க, வெலை ஏறும், போகஸ் புடிக்குறதும் கஷ்டம்.

எல்லாரும் கேக்குறது ஹீலியோஸ் 44-2. சோவியத் காலத்து 58 எம்எம் எஃப்/2, ஜெர்மன் ஸைஸ் பயோட்டாரைப் பாத்து செஞ்சது, ஜெனிட் கேமராவோட வந்தது. பின்னாடி இலை தழை சுழல்ற மாதிரி வரும்னு பேர் வாங்கினது இதுதான். ஆனா அந்தச் சுழல் ஓரத்துலதான் அதிகமா வரும், ஏபிஎஸ்-சி கேமரா ஓரத்தை வெட்டிடுறதால நீங்க இணையத்துல பாத்த அளவுக்கு வராது. எஃப்/2-ல தெறந்து வெச்சு, ஆளை ஒரு மீட்டர் ஒண்ணரை மீட்டர்ல நிறுத்தி, அவருக்குப் பின்னாடி மூணு நாலு மீட்டர் தள்ளி வெயில் ஓட்டை ஓட்டையா விழுற மரம் இருந்தா வரும். வெறும் சுவத்துக்கு முன்னாடி நிறுத்தினா எந்த ஹீலியோஸும் சுழலாது.

சூப்பர் டாக்குமார் 50 எஃப்/1.4 பத்தி ஒரு வார்த்தை. இதோட ஏழு எலிமென்ட் (உள்ள ஏழு கண்ணாடி) மாடல்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கு, வருஷம் ஆக ஆக டீத்தண்ணி கலர்ல மஞ்சளாயிடும். லேசான கதிர்வீச்சும் உண்டு, மாட்டிப் படம் எடுக்குறதுல பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா கண்ணாடியைத் தேய்க்குறது உடைக்குறது எல்லாம் வேண்டாம். மஞ்சளை யுவி வெளிச்சம் எடுத்துடும், யுவி எல்இடி லைட்டு கீழ சில நாள் வெச்சாலே நல்லா குறையும். நேரடி வெயில்ல மூடி இல்லாம லென்ஸை வெச்சுட்டுப் போயிடாதீங்க, பூதக்கண்ணாடி மாதிரி சூட்டைக் குவிச்சு தீப்புடிக்க வெச்சிடும்.

ஏமாற இடம் மூணு இருக்கு. ஒண்ணு, எம்42-ம் டி-மவுண்ட்டும். ரெண்டுமே 42 எம்எம் அகலம், ஆனா மறை எம்42-ல 1 எம்எம், டி-ல 0.75. ரெண்டு சுத்து சுத்தும், அப்புறம் சிக்கிக்கும், பலமா திருகினா மறை போச்சு. ரெண்டாவது, எம்39. லைக்கா வகை எம்39-க்கு 28.8 எம்எம், ஆரம்பகால ஜெனிட் எம்39-க்கு 45.2, ரெண்டுக்கும் மறை பாக்க ஒரே மாதிரி இருக்கும், அடாப்டர் வேற வேற. மூணாவது, லைக்கா வகையிலேயே உள்ள மடங்குற இன்டஸ்டார், பின்பக்கக் கண்ணாடி ரொம்ப உள்ள நீட்டிக்கிட்டு இருக்குற ஜுபிட்டர்-12 மாதிரி லென்ஸுங்க. ஷட்டர்ல இடிக்குற ஆபத்து இருக்கு, புதுசா வர்றவங்க இந்தப் பக்கம் போக வேண்டாம்.

3. எங்க வாங்குறது, என்ன பேப்பர் வேணும்

மொதல்ல வீட்டு பீரோ, சொந்தக்காரங்க பரண், ஊர்ல மூடிப்போன ஸ்டூடியோ. யாஷிகா எஃப்எக்ஸ்-3, பென்டாக்ஸ் கே1000, விவிடார் வி3800என், நிக்கான் எஃப்எம்10 இதுல எது கெடைச்சாலும் முன்னாடி இருக்குற லென்ஸ் கழண்டு வரும், உபயோகப்படும். யாஷிகா எலெக்ட்ரோ 35-ம் ஆக்ஃபா கிளிக் 3-ம் கெடைச்சா லென்ஸைக் கழட்டப் பாக்காதீங்க, அது பாடியோட சேந்தது, மாமா தாத்தா ஆசையா வெச்சிருந்ததை உடைச்ச மாதிரி ஆயிடும்.

உள்ளூர்ல யார்கிட்டயாவது வாங்கினா நேர்ல போங்க, கேமராவையும் அடாப்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க. பார்சல்ல வரவெக்கணும்னா காசு அனுப்புறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கேளுங்க: பின்பக்கத்துலேருந்து டார்ச் அடிச்சு எடுத்த ஒரு போட்டோ, அதே மாதிரி முன்பக்கத்துலேருந்து ஒண்ணு, அபர்ச்சர் பிளேடு மூடின நிலைமையில ஒரு போட்டோ, போகஸ் ரிங்கை ஒரு கோடிலேருந்து இன்னொரு கோடி வரைக்கும் திருப்புற ஒரு வீடியோ. அனுப்பத் தயங்குறார்னா அந்த லென்ஸ் வேண்டாம், எவ்ளோ சீப்பா இருந்தாலும் வேண்டாம். என் ஃபங்கஸ் ஹீலியோஸ் இந்தக் கேள்வி கேக்காம வாங்கினது.

பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்க, சீல் தெரியுற மாதிரி, நடுவுல நிறுத்தாம. உள்ளூர் பார்சல் எனக்கு நாலஞ்சு நாள்ல வந்துச்சு.

வெளிநாட்டுலேருந்து வாங்கினா கணக்கு வேற. லென்ஸ் வெலை, ஷிப்பிங், சுங்க வரி, அதுக்கு மேல ஐஜிஎஸ்டி, கூரியரா இருந்தா அவங்க கிளியரன்ஸ் சார்ஜ். வரி லென்ஸ் வெலைக்கு மட்டும் இல்ல, ஷிப்பிங்கையும் சேத்துத்தான் போடுவாங்க. சதவீதம் பட்ஜெட்ல மாறிக்கிட்டே இருக்கும், அதனால ஆர்டர் போடுற அன்னிக்கு என்ன ரேட்னு பாத்துட்டு போடுங்க. பேப்பர் ரெடியா வெச்சுக்க வேண்டியது: விக்கிறவர் குடுத்த இன்வாய்ஸ், பணம் கட்டின ஸ்கிரீன்ஷாட், கேஒய்சிக்கு அடையாள அட்டையும் அட்ரஸ் ப்ரூஃபும். என் ஆதார்ல ஊர் அட்ரஸ், பார்சல் போட்டது சென்னை வாடகை வீட்டுக்கு, அதனால ரெண்டாவதா ஒரு அட்ரஸ் ப்ரூஃப் குடுக்க வேண்டியிருந்துச்சு, வாடகை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்து ஸ்கேன் பண்ணி அனுப்புறதுக்குள்ள ரெண்டு நாள் ஓடிடுச்சு. ஆர்டர் போட்டதுலேருந்து கையில வர அஞ்சு வாரம் ஆச்சு. சில விக்கிறவங்க வெலையைக் குறைச்சுப் போடட்டுமா, கிஃப்ட்னு போடட்டுமான்னு கேப்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க, அது சட்டப்படி தப்பு, பார்சல் தொலைஞ்சாலும் அந்தக் குறைச்ச வெலைதான் திரும்பி வரும்.

லிஸ்டிங்ல ஜங்க்னோ அன்டெஸ்டட்னோ இருந்தா, அவங்க பாத்துட்டாங்க, கெட்டுப்போயிருக்குன்னே எடுத்துக்கோங்க.

4. கையில வந்ததும் டார்ச் அடிச்சுப் பாருங்க

இதுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்க. இருட்டு ரூம், மொபைல் டார்ச். அபர்ச்சரை முழுசா தெறந்து வெச்சு, ஒரு பக்கத்துலேருந்து வெளிச்சத்தைச் சாய்வா அடிச்சு மறுபக்கத்துலேருந்து பாருங்க.

சிலந்தி வலை மாதிரி, வேர் மாதிரி மெல்லிசா கிளை விட்டிருந்தா ஃபங்கஸ். ஓரத்துல சின்னதா இருந்தா சர்வீஸ்ல போகும், நடுவுல நாள்பட்டு இருந்தா கோட்டிங்கையே அரிச்சிருக்கும், தொடைச்சாலும் தடம் போகாது. கண்ணாடி மொத்தமா மூச்சு விட்ட மாதிரி மங்கலா இருந்தா ஹேஸ், இது படத்துல காண்ட்ராஸ்ட்டைக் கொன்னுடும். ஓரத்துல வானவில் கலர்லயோ வெள்ளையாவோ வளையம் தெரிஞ்சா ஒட்டின ரெண்டு கண்ணாடியோட பசை விட்டிருக்கு, அதைச் சரி பண்ற செலவுக்கு வேற லென்ஸ் வாங்கிடலாம்.

தூசியைப் பாத்துப் பயப்படாதீங்க. அம்பது வருஷத்து லென்ஸ்ல தூசி இல்லாம இருக்காது, படத்துல வரவும் வராது. முன்கண்ணாடியில மெல்லிசா கீறல் இருந்தாலும் பரவாயில்ல. பின்கண்ணாடியில கீறல் இருந்தா மட்டும் யோசிங்க, அது சென்சாருக்குக் கிட்ட இருக்கு, படத்துல தெரியும்.

அபர்ச்சர் பிளேடுல எண்ணெய் பளபளன்னு இருக்கான்னு பாருங்க. ஹீலியோஸ் 44-2 மாதிரி கையால மூடித் தெறக்குற லென்ஸ்ல எண்ணெய் பெரிய பிரச்சனை இல்ல, தானா மூடுற வகையில பிளேடு ஒட்டிக்கும். போகஸ் ரிங் தயிர் கடைஞ்ச மாதிரி ஒரே சீரா போகணும். இறுகிப் போயிருந்தா உள்ள கிரீஸ் காஞ்சிருக்கு. பலமா திருப்பாதீங்க, டபிள்யூடி-40 அடிக்கவே அடிக்காதீங்க, அது வழிஞ்சு பிளேடுக்கும் கண்ணாடிக்கும் போயிடும். என் ஹீலியோஸை தெரிஞ்ச ஒரு மெக்கானிக் கழட்டி ஃபங்கஸ் தொடைச்சு கிரீஸ் மாத்தித் தந்தார், 900 ரூபா, பத்து நாள். வாங்கும்போதே இந்தச் செலவையும் கணக்குல வெச்சு பேரம் பேசுங்க.

5. அடாப்டர்

லென்ஸ் பேரைச் சொல்லி வாங்காதீங்க, ரெண்டு மவுண்ட் பேரையும் சொல்லி வாங்குங்க: எம்42-லேருந்து சோனி இ, எம்டிலேருந்து ஃபியூஜி எக்ஸ், இப்படி. கண்ணாடி இல்லாத சாதாரண அடாப்டர் போதும், நான் குடுத்தது 1,300. ஸ்பீட் பூஸ்டர்னு கண்ணாடி வெச்ச வகை ஒண்ணு இருக்கு, அது குழாய் மட்டும் இல்ல, 0.71 மடங்கு படத்தைச் சுருக்கி ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு, வெளிச்சமும் கூட்டித் தரும், நல்ல பொருள்தான், ஆனா லென்ஸ் வெலையை விடப் பல மடங்கு ஆகும், இப்போதைக்கு வேண்டாம்.

வந்த அன்னிக்கே இன்ஃபினிட்டி டெஸ்ட் பண்ணிருங்க, ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள. ராத்திரி நிலாவையோ, பகல்ல ரொம்ப தூரத்துல இருக்குற செல்போன் டவரையோ பாத்து ரிங்கை இன்ஃபினிட்டி கோடி வரைக்கும் திருப்புங்க. கோடிக்குக் கொஞ்சம் முன்னாடியே ஷார்ப் ஆயிட்டா அடாப்டர் ஒரு மயிரிழை குட்டை, ஒண்ணும் நஷ்டம் இல்ல, வேணும்னேதான் நெறைய பேர் அப்படி செய்யுறாங்க. கோடிக்குப் போயும் ஷார்ப் ஆகலன்னா அடாப்டர் நீளம் அதிகம், திருப்பி அனுப்புங்க. வெர்னியர் காலிப்பர் இருந்தா அளந்தே பாக்கலாம்: எம்42-லேருந்து சோனி இ-க்கு 45.46-லேருந்து 18 போனா 27.46 எம்எம் இருக்கணும்.

எம்42 லென்ஸ்ல பின்னாடி ஒரு சின்ன ஊசி மாதிரி துருத்திக்கிட்டு இருக்கும், அதை அமுக்கினாதான் அபர்ச்சர் மூடும். லென்ஸ்ல ஏ/எம் சுவிட்ச் இருந்தா எம்-ல வெச்சிருங்க, பிரச்சனை தீந்துச்சு. ஹீலியோஸ் 44எம்-4 மாதிரி சுவிட்ச் இல்லாத லென்ஸா இருந்தா, உள்பக்கம் விளிம்பு வெச்ச, அந்த ஊசியை அமுக்குற அடாப்டரா பாத்து வாங்கணும், இல்லன்னா நீங்க எஃப்/8-க்குத் திருப்பினாலும் லென்ஸ் எஃப்/2-லயே நிக்கும். கேனான் எஃப்டி அடாப்டர்ல லாக், ஓபன்னு ஒரு வளையம் இருக்கும், லாக் பக்கம் வெச்சாதான் அபர்ச்சர் ரிங் பேச்சைக் கேக்கும். நிக்கான் ஜி லென்ஸ்ல அபர்ச்சர் ரிங்கே கெடையாது, அதுக்கு ரிங் வெச்ச அடாப்டர் தனியா இருக்கு.

6. கேமரா செட்டிங்

மாட்டினதும் ஷட்டர் அமுக்கினா கேமரா லென்ஸே இல்லன்னு சொல்லும். கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல கரண்ட் தொடர்பு இல்லாததால அதுக்குத் தெரியல, அவ்ளோதான். சோனியில ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்னு மெனுல இருக்கு, எனேபிள் பண்ணுங்க. ஃபியூஜியில ஷூட் வித்தவுட் லென்ஸ். நிக்கான் இசட்ல நான்-சிபியு லென்ஸ் டேட்டான்னு ஒரு இடம் இருக்கும், அங்க ஃபோகல் லெங்த்தும் அபர்ச்சரும் போட்டு வெச்சுக்கலாம்.

பாடில ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரி பண்றது) இருந்தா ஃபோகல் லெங்த்தைக் கையால போட மறக்காதீங்க, லென்ஸ் மேல எழுதியிருக்குற நம்பர், 58-ன்னா 58, கிராப் கணக்கு போட்டு 87-ன்னு போடாதீங்க. லென்ஸ் மாத்துறப்பல்லாம் இதையும் மாத்தணும்.

என் ஏ6000-ல ஸ்டெபிலைசேஷன் கெடையாது. அபர்ச்சர் மோட்ல ஆட்டோ ஐஎஸ்ஓ வெச்சா ஷட்டரை 1/60-க்கு இறக்கிடும், 87 எம்எம் மாதிரி காட்டுற லென்ஸுக்கு அது பத்தாது, ஆடிப் போயிடும். அதனால எம் மோட், ஷட்டர் 1/160, அபர்ச்சர் லென்ஸ்ல கையால, ஐஎஸ்ஓ மட்டும் ஆட்டோ. ஒரு வாரம் இப்படி எடுத்தா கை பழகிடும். எந்த எஃப் நம்பர்ல எடுத்தோம்னு ஃபைல்ல பதிவாகாது, ஞாபகம் வேணும்னா எழுதி வெச்சுக்கோங்க.

7. போகஸ் புடிக்குறது

போகஸ் பீக்கிங்கை (ஷார்ப்பா இருக்குற ஓரத்தைக் கலர்ல காட்டுறது) ஆன் பண்ணி, லெவல் லோ, கலர் ரெட் வைங்க. ஹைல வெச்சா எல்லாமே செவப்பா மின்னும், போகஸ் ஆன மாதிரி தெரியும், கம்ப்யூட்டர்ல பாத்தா கண்ணுக்குப் பதிலா காது ஷார்ப்பா இருக்கும். பீக்கிங் சும்மா கிட்டத்துல கொண்டு போறதுக்கு, முடிவு பண்றது படத்தைப் பெருசாக்கிக் காட்டுற மேக்னிஃபையர்தான். கைக்கு எட்டுற ஒரு பட்டனுக்கு மேக்னிஃபையரைப் போட்டு வைங்க.

எனக்கு ரொம்ப உதவுன ஒண்ணு: ரா-ல (சென்சார் பாத்ததை அப்படியே வெக்குற ஃபைல்) எடுத்துக்கிட்டு, கிரியேட்டிவ் ஸ்டைலை பிளாக் அண்ட் ஒயிட் ஆக்கிடுங்க. வியூஃபைண்டர்ல உலகம் கறுப்பு வெள்ளையா, பீக்கிங் மட்டும் செவப்பா பளிச்சுன்னு தெரியும், ரா ஃபைல்ல கலர் அப்படியே பத்திரமா இருக்கும்.

ஆடாம இருக்குற பொருளை வெச்சே மொதல் நூறு படம் எடுங்க. செடி, டம்ளர், வாசல்ல தூங்குற நாய். குழந்தைங்க ஓடுறதை எஃப்/2-ல எடுக்கணும்னு மொத நாளே கெளம்பினா லென்ஸையே வெறுத்துடுவீங்க. ஆளை எடுக்கும்போது ரிங்கை ஓரளவு வெச்சுட்டு, உடம்பை மட்டும் முன்ன பின்ன லேசா அசைச்சு, கண்ணு ஷார்ப் ஆகுற எடத்துல மூணு நாலு படம் தட்டிருங்க. ஷார்ப்பா வேணும்னா எஃப்/4, எஃப்/5.6-க்கு மூடுங்க, அந்தப் பழைய கண்ணாடியா இதுன்னு கேக்குற அளவுக்கு வரும். எதிர் வெயில்ல காண்ட்ராஸ்ட் போயிடும், 250 ரூபா ரப்பர் ஹூட் ஒண்ணு போடுங்க, ஹீலியோஸ் 44-2-க்கு 49 எம்எம் சைஸ்.

ஹீலியோஸ் 44-2-ல ரெண்டு ரிங் இருக்குறதைப் பாத்து கொழம்பிடாதீங்க. கிளிக் ஆகுற ரிங்கை எஃப்/16-ல வெச்சுட்டு மறந்துடுங்க, வழுக்கிக்கிட்டுப் போற இன்னொரு ரிங்தான் இனிமே உங்க அபர்ச்சர்.

8. வெச்சுக் காப்பாத்துறது

என் செலவு மொத்தம்: ஹீலியோஸ் 4,200, சர்வீஸ் 900, அடாப்டர் 1,300, ஹூட் 250, பின் மூடி 150. ஆக 6,800. இதைக் கடற்கரை ஊர் காத்துல ஒரே மழைக்காலத்துல ஃபங்கஸுக்குக் குடுத்துடக் கூடாது.

பழைய தோல் உறை அழகா இருக்கும், ஆனா ஈரத்தை உறிஞ்சி வெச்சுக்கும், அதுக்குள்ள லென்ஸை வைக்காதீங்க. டிரை கேபினெட் வாங்க முடியலன்னா காத்துப் போகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. 40-லேருந்து 50 சதவீதத்துக்குள்ள முள்ளு நிக்கணும், ரொம்ப காய விட்டாலும் கிரீஸுக்கு ஆகாது. நீல சிலிக்கா ஜெல் ரோஸ் கலர் ஆனா ஈரம் நெறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம், லேசான சூட்டுல வறுத்தா மறுபடி நீலமாகும், அதுல கோபால்ட் இருக்கு, அதனால சமையல் பாத்திரத்துல வறுக்காதீங்க, தனியா ஒரு பழைய சட்டி வெச்சுக்கோங்க. ஐப்பசி கார்த்திகையில நான் பத்து நாளைக்கு ஒரு தடவை வறுக்குறேன், வெயில் காலத்துல மாசம் ஒரு தடவை போதுமானதா இருக்கு. அன்னிக்கே டார்ச்சையும் எடுத்து ஒவ்வொரு லென்ஸா ஒரு பார்வை பாத்துடுறேன்.